பாப் வார்னரும் கார்லைல் பள்ளியும்: ஒரு கோச்சின் புகழுக்கு விலை கொடுத்தது யார்?

2024 டிசம்பரில், அன்றைய அமெரிக்க அதிபர் ஜோ பைடன் பென்சில்வேனியா மாநிலத்தின் கார்லைல் நகரில் இருக்கும் ஒரு பழைய பள்ளி வளாகத்தைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். அதற்குச் சில வாரங்கள் முன்புதான், இதுபோன்ற உறைவிடப் பள்ளிகளுக்காகப் பூர்வகுடி மக்களிடம் அரசு சார்பில் மன்னிப்பு கேட்டிருந்தார்.

இந்தச் செய்திகளைப் படித்தவர்களுக்குக் குழப்பம் வந்தால் அது நியாயம்தான். ஒரு பத்தியில், பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுவந்து, முடியை வெட்டி, தாய்மொழி பேசினால் தண்டித்த பள்ளி என்று வருகிறது. அடுத்த பத்தியில் அதே பள்ளியின் கால்பந்து அணி ஹார்வர்டைத் தோற்கடித்த பெருமை வருகிறது. அந்த அணியின் கோச் பெயரில்தான் இன்று அமெரிக்காவின் புகழ்பெற்ற சிறுவர் கால்பந்து லீக் நடக்கிறது. எது நிஜம்?

இரண்டுமே நிஜம். அந்த கோச் கிளென் ஸ்கோபி வார்னர், எல்லோரும் அழைத்த பெயர் பாப் வார்னர். அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் வரிசையாகப் பார்த்தால், விளையாட்டுப் புகழும் அந்தப் பள்ளியின் கொடுமையும் எந்த இடத்தில் ஒன்றையொன்று தொட்டன என்பது புரியும்.

முதலில் ஆட்டம்

இங்கே கால்பந்து என்று சொல்வதெல்லாம் அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்து, ஒரு பக்கத்துக்கு 11 பேர், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதுதான் முக்கிய வேலை. ரக்பியிலிருந்து பிரிந்து வந்த ஆட்டம் இது. அதைப் பிரித்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கேம்ப். அவர் கொண்டுவந்த இரண்டு விதிகள் போதும், மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்ததுதான்.

1. ஸ்கிரிம்மேஜ் கோடு, 1880. ஒவ்வொரு முறை ஆட்டம் தொடங்கும்போதும் பந்து ஓர் அணியின் கையில் இருக்கும். இரண்டு அணியும் ஒரு கற்பனைக் கோட்டின் இரு பக்கமும் நிற்கும்.

2. டவுன், 1882. பந்து வைத்திருக்கும் அணிக்கு மூன்று வாய்ப்பு. அதற்குள் 5 கஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

ரக்பியில் பந்து யாருக்குக் கிடைக்கும் என்பது தள்ளுமுள்ளில் முடிவாகும். இங்கே அப்படி இல்லை. அடுத்து நாம்தான் ஆடப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரிவதால், யார் எங்கே ஓட வேண்டும் என்று திட்டம் போட்டு, பெயர் வைத்து, பயிற்சி எடுக்கலாம். அப்படித் திட்டம் போடத் தனியாக ஓர் ஆள் தேவைப்பட்டதற்கு இந்த விதிகள்தான் காரணம்.

ஆனால் அந்தக் காலத்தில் பந்தை முன்னால் எறியக்கூடாது. மூன்று வாய்ப்பில் 5 கஜம்தானே, எதற்கு மூளையைச் செலவழிப்பது என்று எல்லா அணிகளும் ஒரே வழியைப் பிடித்தன. கனமான ஆட்களைச் சேர்த்து ஒரே இடத்தில் மோதுவது. தலைக்கவசம் கட்டாயமில்லை, போட்டவர்களும் மெல்லிய தோலில்தான் போட்டார்கள். எலும்பு முறிவு சாதாரணம், உயிரும் போனது.

கோச் என்று ஒரு வேலை இல்லாத காலம்

வார்னர் 1871 ஏப்ரல் 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஸ்பிரிங்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். பள்ளி முடித்ததும் குடும்பத்தோடு டெக்சாஸ் போய் மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்தார். தகர வேலையும் கற்றுக்கொண்டார். 1892ல் பஃபலோ நகரில் குதிரைப் பந்தயத்தில் கையிலிருந்த பணத்தைத் தொலைத்தார். அப்பாவிடம் உண்மையைச் சொல்ல முடியாது. சட்டம் படிக்கப் போகிறேன், பணம் அனுப்புங்கள் என்று எழுதினார். பணம் வந்தது. சரி, கேட்டாயிற்று, படித்துத்தானே ஆக வேண்டும். கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு ரயிலேறினார்.

அந்த ரயிலிலேயே கார்னெல் கால்பந்து அணியின் கேப்டன் அவரைப் பார்த்துவிட்டார். நல்ல கட்டான உடம்பு. நாளை மைதானத்துக்கு வா என்றார். வார்னர் அதற்கு முன் கல்லூரிக் கால்பந்து ஆடியவரே இல்லை. ஆனாலும் கார்ட் என்ற இடத்தில் நின்று ஆடினார். கோட்டின் நடுவில் நின்று எதிராளியை முட்டித் தள்ளும் இடம் அது. கூட ஆடியவர்களைவிட வயதில் மூத்தவர் என்பதால் பாப், அதாவது அப்பா, என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1894ல் அணியின் கேப்டன் ஆனார்.

அப்போது பெரிய கல்லூரிகளில் அணியை நடத்தியவர் மாணவக் கேப்டன். பழைய வீரர்கள் சீசனில் வந்து சும்மா உதவுவார்கள். காசு வாங்கிக்கொண்டு பயிற்சி தருவது கனவான்களுக்கு அழகல்ல என்ற எண்ணம் கிழக்குக் கரையில் வலுவாக இருந்தது. தெற்கிலும் மேற்கிலும் நிலைமை வேறு. அங்கே ஆட்டம் புதிது, சொல்லித்தரப் பழைய வீரர்கள் இல்லை. கல்யாண சீசனுக்குச் சமையல்காரரை அமர்த்துவதுபோல, இலையுதிர் காலத்தில் சில வாரங்களுக்குக் கிழக்கிலிருந்து ஒருவரை வரவழைத்துக்கொண்டார்கள்.

வக்கீலாகப் பலகை மாட்டிய வார்னருக்கு இந்தச் சந்தை பிடித்துப்போனது. 1895ல் ஜார்ஜியா பல்கலைக்கழகம் வாரம் 34 டாலருக்கு அழைத்தது. அதே ஆண்டு அயோவா விவசாயக் கல்லூரிக்கும் ஒப்புக்கொண்டார். சீசன் தொடங்குமுன் அயோவா, அப்புறம் ஜார்ஜியா. ஒரே நேரத்தில் இரண்டு சம்பளம். 1896ல் ஜார்ஜியா ஆடிய நான்கு ஆட்டத்தையும் வென்றது. அடுத்த இரண்டு ஆண்டு கார்னெலிலேயே கோச். வக்கீல் தொழில் அத்தோடு சரி.

கார்லைல் எந்த மாதிரிப் பள்ளி

கார்லைல் பூர்வகுடித் தொழிற்பள்ளியை 1879ல் தொடங்கியவர் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி. இடம், ஒரு பழைய ராணுவ முகாம். பூர்வகுடியைக் கொன்று உள்ளே இருக்கும் மனிதனைக் காப்பாற்று என்பதுதான் அவர் வெளிப்படையாகச் சொன்ன கொள்கை. மேற்கே இருந்த குடியிருப்புகளிலிருந்து குழந்தைகள் ரயிலில் வந்து இறங்கினார்கள். வந்தவுடன் முடிவெட்டு, சீருடை, ஆங்கிலப் பெயர். பாதி நாள் பாடம், பாதி நாள் தையல், தச்சு, பண்ணை வேலை. கோடையில் வெள்ளைக்காரக் குடும்பங்களின் வீடுகளுக்கும் பண்ணைகளுக்கும் வேலைக்கு அனுப்பினார்கள்.

1918ல் மூடப்படும்வரை நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். முழுப் படிப்பையும் முடித்தவர்கள் அவர்களில் சிறு பகுதி. நோயில் இறந்தவர்கள் வளாகத்திலேயே புதைக்கப்பட்டார்கள். 2017 முதல் ராணுவம் அந்தக் கல்லறைகளைத் தோண்டி, கேட்கும் குடும்பங்களிடம் எச்சங்களை ஒப்படைத்து வருகிறது. அமெரிக்கா முழுக்க அரசு நடத்திய, ஆதரித்த இத்தகைய பள்ளிகளில் குறைந்தது 973 குழந்தைகள் இறந்ததாக உள்துறை அமைச்சகத்தின் 2024 அறிக்கை சொல்கிறது.

எல்லோரும் விரும்பி வந்தவர்கள் அல்ல. லூயிஸ் டெவானிமா என்ற ஹோப்பி இன இளைஞர் ஓர் எடுத்துக்காட்டு. தங்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த ஊர்க்காரர்களோடு அவரும் பிடிபட்டு, 1907ல் ஏறக்குறைய ஒரு கைதியாகத்தான் கார்லைலுக்கு வந்து சேர்ந்தார். ஐந்து ஆண்டு கழித்து ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடி வெள்ளி வென்றார்.

பிராட் முதலில் கால்பந்தைத் தடை செய்திருந்தார். ஒரு மாணவனுக்குக் கால் முறிந்ததுதான் காரணம். பிறகு மாணவர்களே திரண்டு வந்து கேட்டபோது இரண்டு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். எதிராளி குத்தினாலும் திருப்பிக் குத்தக்கூடாது. சில ஆண்டுக்குள் நாட்டின் மிகப் பெரிய அணியை வெல்ல வேண்டும். அவருக்கு அது பிரச்சார மேடை. பூர்வகுடிகளை நாகரிகப்படுத்த முடியும் என்று பணம் தருகிற கிழக்குக் கரை மக்களுக்குக் காட்ட, ஹார்வர்டோடு நேருக்கு நேர் நிற்பதைவிட நல்ல விளம்பரம் ஏது?

1899ல் வால்டர் கேம்ப் பரிந்துரையின்பேரில் வார்னர் ஆண்டுக்கு 1,200 டாலர் சம்பளத்தில் வந்தார். வந்ததும் கார்னெலில் பழகியதுபோல் திட்டிப் பயிற்சி கொடுத்தார். நல்ல வீரர்கள் சிலர் பயிற்சிக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். என்ன என்று விசாரித்தால், எங்களைத் திட்டுவது பிடிக்கவில்லை என்றார்களாம். வார்னர் வாயைக் கட்டிக்கொண்டார். இதைப் பிற்பாடு சொன்னவர் அவரேதான். எவ்வளவு காலம் கட்டிவைத்தார் என்பது வேறு விஷயம், அதற்கு வருவோம்.

விதிப் புத்தகத்தில் ஓட்டை தேடும் கலை

கார்லைல் வீரர்கள் எதிரணிகளைவிட எடை குறைந்தவர்கள். மோதல்தான் ஆட்டம் என்ற காலத்தில் இது பெரிய பாதகம். வேகமும் துல்லியமும் அவர்களுக்கு இருந்தது. விதிப் புத்தகத்தை ஒரு வக்கீலின் கண்ணோடு படிக்க வார்னருக்குத் தெரிந்திருந்தது. என்ன செய்யலாம் என்று மற்ற கோச்சுகள் பார்த்தார்கள். எதைச் செய்யக்கூடாது என்று எழுதவில்லை என்று இவர் பார்த்தார்.

1903 அக்டோபர் 31, ஹார்வர்டுடன் ஆட்டம். அப்போதைய கணக்கில் டச்டவுனுக்கு, அதாவது பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவதற்கு, 5 புள்ளி, அதன்பின் உதைக்கும் கோலுக்கு 1, களத்திலிருந்து உதைக்கும் ஃபீல்டு கோலுக்கும் 5. முதல் பாதி முடிவில் ஒரு ஃபீல்டு கோலால் கார்லைல் 5-0 என்று முன்னால் இருந்தது. இரண்டாம் பாதி தொடங்கி ஹார்வர்டு பந்தை உதைத்தது. களத்தில் ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜிம்மி ஜான்சன் அதைப் பிடித்தார். உடனே மற்ற வீரர்கள் ஓடிவந்து அவரைச் சுற்றி நெருக்கமாக நின்றார்கள். அந்த மறைவுக்குள், சார்லஸ் டில்லன் என்ற வீரரின் சட்டை முதுகுப் பக்கத்துக்குள் பந்தைச் செருகினார் ஜான்சன். அதற்காகவே டில்லனின் சட்டை இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைக்கப்பட்டிருந்தது.

கூட்டம் கலைந்தது. ஆளுக்கொரு பக்கம், வயிற்றோடு எதையோ அணைத்தபடி ஓடினார்கள். ஹார்வர்டு வீரர்கள் அவர்களைத் துரத்தினார்கள். இரண்டு கையையும் வீசிக்கொண்டு நேராக ஓடிவந்த டில்லனை யாரும் சட்டை செய்யவில்லை. ஒருவர் அவருக்கு வழிவிட்டு விலகியதாகக்கூடச் சொல்வார்கள். டில்லன் கோட்டைத் தாண்டியபின்தான் முதுகில் புடைப்பு தெரிந்தது. பார்வையாளர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 11-0.

ஆனாலும் கடைசியில் ஹார்வர்டு 12-11 என்று வென்றுவிட்டது. தோற்ற ஆட்டம்தான் கார்லைலின் அதிகம் பேசப்பட்ட ஆட்டம். இந்தத் தந்திரம் வார்னரின் சொந்தச் சரக்கும் அல்ல. ஜான் ஹைஸ்மன் என்ற கோச் 1895லேயே ஆபர்ன் அணியை வைத்து இதைச் செய்துகாட்டியிருந்தார்.

பெரிய திருப்பம் பிறகு வந்தது. 1905 சீசனில் நாடெங்கும் கால்பந்து மைதானங்களில் குறைந்தது 18 பேர் இறந்ததாக ஒரு சிகாகோ நாளிதழ் கணக்கெடுத்தது. அவர்களில் பலர் பள்ளி மாணவர்கள். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அடுத்த ஆண்டு விதிகள் மாறின. மூன்று வாய்ப்பில் 10 கஜம் போக வேண்டும். ஃபார்வர்டு பாஸ், அதாவது பந்தை முன்னால் எறிவது, முதல் முறையாக அனுமதி பெற்றது.

பெரிய அணிகள் அதைச் சீண்டவில்லை. யார் கையிலும் படாமல் பந்து தரையில் விழுந்தால் தண்டனை என்ற பயம் ஒன்று. எறிவது ஆண்மையில்லை என்ற வீம்பு இன்னொன்று. இடையில் மூன்று ஆண்டு கார்னெலுக்குப் போயிருந்த வார்னர், 1907ல் கார்லைலுக்குத் திரும்பியதும் முழு மூச்சாக இதைப் பயிற்றுவித்தார். அந்த அக்டோபரில் பிலடெல்ஃபியாவின் ஃபிராங்க்லின் ஃபீல்டில், அதுவரை தோல்வியே காணாத பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தோடு ஆட்டம். பீட் ஹவுசர் என்ற வீரர் பந்தைச் சுழலவிட்டு நீளமாக எறிந்தார். ஓடிக்கொண்டிருந்த வில்லியம் கார்ட்னர் கையில் அது போய் விழுந்தது. கார்லைல் 26-6 என்று வென்றது. பந்தை எறிந்து ஆடும் இன்றைய ஆட்டத்தின் தொடக்கத்தைத் தேடுகிற வரலாற்றாசிரியர்கள் அடிக்கடி வந்து நிற்கும் இடம் இது. அந்த சீசனில் கார்லைல் ஹார்வர்டையும் சிகாகோவையும் வென்று, பிரின்ஸ்டனிடம் மட்டும் தோற்றது.

1912 நவம்பரில் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியை அதன் மைதானத்திலேயே 27-6 என்று வீழ்த்தியது இன்னொரு உச்சம். ராணுவம் பூர்வகுடிகள்மீது நடத்திய வூண்டட் நீ படுகொலை நடந்து 22 ஆண்டுகூட முடியவில்லை என்பதால் அந்த ஆட்டத்துக்குத் தனி அர்த்தம் சேர்ந்தது. எதிரணியில் ஆடியவர்களில் ஒருவர் டுவைட் ஐசன்ஹோவர், பின்னாளில் அதிபரானவர்.

சிங்கிள் விங், டபுள் விங் என்ற வியூகங்கள், கையைத் தரையில் ஊன்றிப் பாயத் தயாராக நிற்கும் மூன்று புள்ளி நிலை, உடம்புக்கு இலேசான திண்டு என்று வார்னர் பெயரில் பட்டியல் நீளம். எல்லாவற்றையும் அவரே தனியாகக் கண்டுபிடித்தார் என்பது மிகை. ஆனால் எடை குறைந்தவர்கள் வேகத்தால் ஜெயிக்க முடியும் என்பதைத் திரும்பத் திரும்ப நிரூபித்தவர் அவர். நிரூபிக்க அவருக்குக் கிடைத்த ஆட்கள், வேறு எந்தக் கோச்சுக்கும் கிடைக்காத ஆட்கள்.

பணம் எங்கே போனது

இந்த இடத்தில்தான் பள்ளியும் ஆட்டமும் பின்னிக்கொள்கின்றன.

1. கார்லைல் ஏறக்குறைய எல்லாப் பெரிய ஆட்டங்களையும் வெளியூரில் ஆடியது. பெரிய மைதானம், பெரிய கூட்டம், டிக்கெட் வசூலில் பங்கு. வீரர்கள் வாரக்கணக்கில் ரயிலில் அலைந்தார்கள். படிப்பு என்னவாகும் என்று யாரும் ரொம்பக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

2. இந்த வசூல் அரசுக் கணக்கில் சேரவில்லை. தடகளச் சங்கம் என்ற பெயரில் தனி நிதி. அதைக் கையாண்டவர்கள் பள்ளித் தலைவரும் வார்னரும். அரசுப் பள்ளி, அரசு மாணவர்கள், தனியார் கல்லா.

3. அந்த நிதியிலிருந்து கட்டடங்கள் எழுந்தன, உண்மை. வீரர்களுக்குக் கோட்டு, சூட்டு, கடன் என்ற பெயரில் ரொக்கம் போனதும் உண்மை. நல்லபடியாக எழுதும் பத்திரிகைக்காரர்களுக்கும் அதிலிருந்து பணம் போனது.

4. வீரர்களில் பலர் இருபதைக் கடந்தவர்கள். கார்லைல் கல்லூரியே அல்ல, இத்தனை ஆண்டுதான் ஆடலாம் என்ற கட்டுப்பாடு அதற்குப் பொருந்தவில்லை. இதையும் வார்னர் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்.

1907லேயே கார்லோஸ் மான்டிசூமா இதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். யவபாய் இனத்தில் பிறந்தவர், ஒரு காலத்தில் கார்லைலின் மருத்துவராக இருந்தவர், அணியோடு பயணமும் செய்தவர். பள்ளி என்ற பெயரில் தொழில்முறை அணி நடக்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. வெற்றி வந்துகொண்டிருந்தபோது அது எடுபடவில்லை.

வார்னர் தரப்பில் ஒன்று சொல்லலாம். பெரிய கல்லூரிகளும் யோக்கியமாக இல்லை. பெயர் மாற்றி ஆடுவது, பழைய மாணவர்கள் கையில் காசு கொடுப்பது எல்லாம் நடந்ததுதான். வித்தியாசம் இதுதான்: ஹார்வர்டு மாணவன் பிடிக்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம். கார்லைலில் இருந்து ஓடிப்போனால் ஆள் அனுப்பிப் பிடித்து வருவார்கள்.

தார்ப் விவகாரம்: தெரியாது என்றால் நம்பலாமா?

ஜிம் தார்ப், ஓக்லஹோமாவின் சாக் அண்ட் ஃபாக்ஸ் இனத்தவர். 1904ல் கார்லைல் வந்தார். தடகளத்திலும் கால்பந்திலும் வார்னர் பார்த்த ஆட்களிலேயே தலைசிறந்தவர். 1911ல் ஹார்வர்டுக்கு எதிராக நான்கு ஃபீல்டு கோல் உதைத்து 18-15 என்று வெற்றி தேடித் தந்தார். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்து போட்டிகள் சேர்ந்த பென்டத்லான், பத்து போட்டிகள் சேர்ந்த டெகத்லான் இரண்டிலும் தங்கம்.

1913 ஜனவரியில் ஒரு நாளிதழ் செய்தி போட்டது: 1909, 1910 கோடைகளில் தார்ப் வட கரோலைனாவில் காசு வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடியிருக்கிறார். ஒலிம்பிக்கில் அமெச்சூர்கள், அதாவது விளையாட்டால் சம்பாதிக்காதவர்கள், மட்டுமே கலந்துகொள்ளலாம் என்பது அன்றைய விதி. பதக்கங்கள் பறிபோயின. வார்னர் என்ன சொன்னார்? தனக்கு எதுவும் தெரியாது என்றார். நான் ஒரு பூர்வகுடிப் பள்ளிப் பையன், விவரம் தெரியாமல் செய்துவிட்டேன் என்ற பொருளில் தார்ப் கையெழுத்தில் ஒரு மன்னிப்புக் கடிதம் வெளியானது. அதை எழுத வார்னர்தான் உதவினார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.

அவர் சொன்னதை நம்புவது கஷ்டம். காரணங்கள் மூன்று.

1. தார்ப் சொந்தப் பெயரிலேயே ஆடினார். பல கல்லூரி வீரர்கள் கோடையில் பொய்ப்பெயரில் ஆடிய காலம் அது. இவருக்கு அந்தச் சாமர்த்தியம் தோன்றவில்லை. உள்ளூர்ச் செய்தித்தாளில் பெயர் வந்துகொண்டே இருந்தது.

2. கார்லைலின் விளையாட்டு முழுவதும் வார்னர் பொறுப்பில். 1910ல் அவர் பள்ளியில் பேஸ்பாலையே நிறுத்திவிட்டு, வலை கட்டிய மட்டையால் பந்தை எறிந்து ஆடும் லக்ரோஸைக் கொண்டுவந்தார். கோடையில் காசுக்கு பேஸ்பால் ஆடப் போய் மாணவர்கள் கெடுகிறார்கள் என்பதுதான் சொன்ன காரணம். போனவர்கள் யார் என்று தெரியாமலா?

3. இரண்டு ஆண்டு விலகியிருந்த தார்ப்பை 1911ல் திரும்பி வரச் சொல்லி ஊக்கப்படுத்தியவர் வார்னர். தன் சிறந்த வீரர் இடைப்பட்ட காலத்தில் எங்கே இருந்தார் என்று கேட்காத கோச் உலகத்தில் உண்டா?

இன்னொன்றும் உண்டு. ஆட்சேபம் இருந்தால் போட்டி முடிந்து 30 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பது ஸ்டாக்ஹோம் விதி. செய்தி வந்தது ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து. சட்டம் படித்த வார்னர் அதை எடுத்து வாதாடவில்லை. விதியில் ஓட்டை தேடுவதையே தொழிலாக வைத்திருந்தவர், தன் வீரருக்காக விதி வெளிப்படையாகவே பேசிய இடத்தில் சும்மா இருந்தார். தார்ப் இறந்தது 1953ல். அந்த 30 நாள் விதியை வைத்துத்தான் 1982ல் ஒலிம்பிக் குழு அவரை இணை வெற்றியாளராக ஏற்றது. தனி வெற்றியாளர் என்று பதிவேட்டைத் திருத்தியது 2022 ஜூலையில்.

1914: மாணவர்கள் வாய் திறந்தார்கள்

பள்ளி மோசமாக நடக்கிறது என்று 200க்கும் மேற்பட்ட மாணவர்கள் கையெழுத்திட்டு வாஷிங்டனுக்கு மனு அனுப்பினார்கள். முன்னால் நின்றவர்களில் ஒருவர் கஸ் வெல்ச், அணியின் குவார்ட்டர்பேக். மைதானத்தில் வார்னர் சொன்னபடி ஆட்டத்தை நடத்திய அதே ஆள்.

1914 பிப்ரவரியில் நாடாளுமன்றக் கூட்டுக்குழு கார்லைலுக்கே வந்து விசாரித்தது. சாப்பாடு போதவில்லை, அடிக்கிறார்கள் என்று புகார்கள் குவிந்தன. வார்னரைப் பற்றி வீரர்கள் சொன்னவை: கெட்ட வார்த்தையில் திட்டுகிறார், கை நீட்டுகிறார், ஓட்டல் முகப்பில் டிக்கெட் விற்கிறார், சூதாட்டம் வைக்கிறார். நல்ல கோச்தான், ஆனால் கொள்கை இல்லாத மனிதர் என்பது வெல்ச்சின் சாட்சியம். 1899ல் திட்டினால் வரமாட்டோம் என்று ஒதுங்கிய பிள்ளைகளுக்கும், 1914ல் குழுவின் முன் உட்கார்ந்து பேசியவர்களுக்கும் இடையே 15 வருடம். அதற்குள் வார்னர் தொட முடியாத ஆளாகிவிட்டிருந்தார்.

பள்ளித் தலைவர் மோசஸ் ஃபிரீட்மன் பதவியை இழந்தார். வார்னருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த சீசனை நடத்தினார், அதில் தோல்விகளே அதிகம், முடிந்ததும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். கார்லைல் அணி பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. 1918ல் முதல் உலகப்போர்க் காயம்பட்டவர்களுக்கு மருத்துவமனை தேவை என்று ராணுவம் வளாகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

அப்புறம்

மிச்ச வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது வெற்றிக் கதை, அவ்வளவுதான். பிட்ஸ்பர்க்கில் 1915, 1916, 1917 மூன்று சீசனிலும் தோல்வியே இல்லை. 1924 முதல் 1932 வரை ஸ்டான்ஃபோர்டு, சீசன் முடிவில் புத்தாண்டையொட்டி நடக்கும் பெரிய ஆட்டமான ரோஸ் பவுலில் மூன்று முறை. பிறகு 1938 வரை பிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகம். மொத்த வெற்றிகள் 300ஐத் தாண்டும். 1954 செப்டம்பர் 7 அன்று கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இறந்தார். ஓய்வு நேரத்தில் நன்றாக நீர்வண்ண ஓவியம் வரைவார் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

சிறுவர் லீகுக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது

பாப் வார்னர் லீகை வார்னர் தொடங்கவில்லை. 1929ல் பிலடெல்ஃபியாவில் ஜோ டாம்லின் என்பவர் தொடங்கினார். ஒரு தொழிற்சாலையின் கண்ணாடி ஜன்னல்களைத் தெருப் பிள்ளைகள் கல்லெறிந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள் என்று அவர் சொன்ன யோசனைதான் கால்பந்து. 1934 ஏப்ரலில் பிள்ளைகளோடு பேசப் பல கல்லூரி கோச்சுகளை அழைத்திருந்தார். அன்றிரவு கடும் புயல் மழை. வந்து சேர்ந்தவர் டெம்பிளின் வார்னர் ஒருவர் மட்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அன்றிரவே லீகுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

ஆக, பெயர் கார்லைலுக்காக வைத்ததல்ல. அந்தப் பெயரை எடுத்துவிட வேண்டும் என்று சொல்பவர்களும், ஓர் இரவு நல்ல மனசோடு வந்தவருக்குக் கொடுத்த மரியாதை அது என்று சொல்பவர்களும் இந்த விவரத்தைச் சேர்த்தே வாதாட வேண்டும்.

அந்த லீகின் இன்றைய தலைவலி வேறு. குழந்தைகளின் மூளையில் திரும்பத் திரும்ப விழும் அடி. 2012ல் பயிற்சியின்போது மோதும் நேரத்துக்கு வரம்பு வைத்தார்கள். 2016ல் மிக இளைய பிரிவுகளில் கிக்ஆஃப், அதாவது பந்தை எதிரணிப் பக்கம் உதைத்து ஆட்டத்தைத் தொடங்குவது, எடுத்துவிடப்பட்டது. 2019ல் அதே சின்னப் பிள்ளைகளுக்கு மூன்று புள்ளி நிலையைத் தடை செய்தார்கள். கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நின்றால் எழும்போது தலைதான் முதலில் போய் முட்டுகிறது என்பது காரணம். வார்னர் பெயரோடு சேர்த்தே சொல்லப்பட்டுவந்த அந்த நிலையில், அவர் பெயர் தாங்கிய லீகின் இளைய பிள்ளைகள் இனி நிற்கக்கூடாது.